போன் சொல்லும் மழையும் உங்கள் தோட்டத்து மழையும்



"ஏனுங்க, போன்ல பல்லடத்துக்கு மழைன்னு காட்டுச்சுங்க. அதை நம்பி வெங்காயம் பிடுங்காம நிறுத்திப்போட்டேன். ஒரு துளி விழலைங்க. பொங்கலூர்ப் பக்கம் நல்ல மழையாமா!" இப்படிக் குறைப்பட்டுக் கொள்ளும் விவசாயிகள் நம் வட்டாரத்தில் பலர். போன் பொய் சொல்லுதா என்றால், இல்லை. அதற்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் நிற்கும் இடம் போனுக்கு நன்றாகத் தெரியும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், நேரத்தைக் குறித்துச் சைகை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நான்கு கோள்களின் சைகை கிடைத்தால் போதும், அவை வந்து சேர்ந்த நேரத்தை வைத்துப் போன் கணக்குப் போட்டுவிடும். திறந்த வெளியில் சில மீட்டர்தான் பிழை வரும். தகரக் கூரைக்கு அடியில் நின்றால் சைகை மங்கும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. அந்த இடத்துக்கான சேதியைக் கொண்டுவரத்தான் இன்டர்நெட் வேண்டும்.

சிக்கல் அந்தச் சேதியில்தான் இருக்கிறது. வானிலைக் கணிப்பைப் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் போடுகிறார்கள். 2025 மே 26-ல் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு முறையில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். அதற்கு முன் 12 கிலோமீட்டராக இருந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 6 கிலோமீட்டர்ச் சதுரம் என்றால் சுமார் 8,900 ஏக்கர்! அதில் உங்கள் நாலு ஏக்கர் எந்த மூலைக்கு? கோடை இடிமழை மேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான், ஒரு மணி நேரத்தில் கலைந்தும் போகும். ஒரு தோட்டத்தில் கொட்டும். வாய்க்காலைத் தாண்டினால் புழுதி பறக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் பல மாவட்டங்களுக்குச் சேர்த்து மழை வரும். அப்போதைய கணிப்பைத் தாராளமாக நம்பலாம். ஆகவே சித்திரை, வைகாசியில் "இடிமழை வரலாம்" என்று போன் சொன்னால், பொழுது சாயும் முன் அள்ளிப் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடிய அளவு வெங்காயத்தை மட்டும் பிடுங்குங்கள். கார்த்திகையில் சொன்னால், பிடுங்குவதையும் மருந்தடிப்பதையும் தள்ளிப் போடுங்கள்.

2019-ல் வந்த 'மேகதூத்' செயலியில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் பயிர் ஆலோசனை வருகிறது. 2024 அக்டோபர் 24 முதல் ஊராட்சி வாரியாகவே ஐந்து நாள் கணிப்புத் தருகிறார்கள். ஒவ்வொரு ஊராட்சியிலும் கருவி வைத்து அளந்து சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதுவும் கணினிக் கணக்குத்தான்.

நிற்கும் இடத்தை வைத்து மிகப் பயனுள்ள சேதி தருவது, என் அபிப்பிராயத்தில், 'தாமினி' செயலி. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் நிலவரத்தைக் காட்டும். ஆடு மேய்ப்பவர்களும் தென்னந்தோப்பில் வேலை செய்பவர்களும் அவசியம் வைத்துக்கொள்ள வேண்டியது. இன்டர்நெட்டும் இருப்பிட வசதியும் போனில் திறந்திருந்தால்தான் அது வேலை செய்யும். மற்றபடி, கண்ட செயலியெல்லாம் "இருப்பிடம் அறியலாமா?" என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதைத் தொடுங்கள்.

இனி சேதி வயலுக்கே வரும் காலம் தொலைவில் இல்லை. 2024 நவம்பரில் நம் மாநிலத்தில் வேளாண் கல்லூரி மாணவர்கள் காடு காடாகப் போய் மின்னணுப் பயிர்க் கணக்கெடுத்தார்கள். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்பது பதிவாகிவிட்டால், மக்காச்சோளக்காரருக்குப் படைப்புழு எச்சரிக்கையும் வெங்காயக்காரருக்கு மழை எச்சரிக்கையும் தனித்தனியே அனுப்பலாம். ஆனால் மழையை அளக்கும் கருவிகள் பெருகாமல் கணிப்பு எங்கே திருந்தும்?

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை, மரநிழல் படாத வெளியில் அசையாமல் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளந்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையினர் அளக்கும் நேரமும் அதுதான். 1 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 2.5 மில்லிமீட்டர் தேறினால்தான் அதை மழை நாள் என்றே கணக்கில் எடுக்கிறார்கள். நோட்டில் ஒரு பக்கம் போன் சொன்னதையும், எதிரே டப்பா சொன்னதையும் எழுதி வாருங்கள். ஒரு பட்டம் முடிந்ததும் எத்தனை நாள் ஒத்துப் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். எந்த மாதத்தில் போனை எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் தோட்டத்துக் கணக்காகவே கிடைத்துவிடும்.

பட்டன் போன் வைத்திருப்பவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் கிடையாது, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பதில் சொல்வார்கள். பேசும்போது மாவட்டம், வட்டாரம், பயிரின் வயது மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.