கண்ணாடிப் பேய்க்குக் கலர் கொடுத்த கதை

எங்கள் வீட்டில் ஒரு பேய் இருக்கிறது. பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே! உயரம் ஒன்றேகால் அங்குலம்தான். பிளாஸ்டிக் பேய். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பது மங்கலாகத் தெரியும். அதை நான் பாழாக்கியதும், பிறகு அம்மாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து அதைத் தேற்றியதும்தான் இந்தக் கட்டுரை.

என் மூத்தவன் கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிறான். போன வருஷம் மஞ்சள்காமாலை கண்டு, கண்ணெல்லாம் மஞ்சளித்துப் போய்க் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தான். இரண்டு மாதம் ஓய்வு என்று டாக்டர் சொல்லிவிட்டார். எண்ணெய் கூடாது, வெயில் கூடாது, அலைச்சல் கூடாது. இருபது வயசுப் பையன் கஞ்சியும் இளநீருமாக எத்தனை நாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்? பேச்சுக் குறைந்துவிட்டது. கேட்டதற்கு "ம்" என்பான், அவ்வளவுதான். நோயை விட அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அவன் பெட்டியைக் குடைந்து துணியெல்லாம் துவைக்க எடுத்தபோதுதான் ஒரு சின்ன டப்பாவில் நாலு பொம்மைகள் கிடைத்தன. எல்லாமே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். ஒன்று தீ ஜுவாலை, ஒன்று நீர் அலை போல எழும்பும் பூதம், ஒன்று கத்தி பிடித்த வீரன், இன்னொன்று வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் பேய்.

"மேஜை மேல வச்சு ஆடுற ஆட்டம்மா. ஆளுக்கு ஒரு வேஷம். கதையை நாமளே சொல்லிக்கிட்டே போகணும்" என்றான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் வெளியிட்ட ஆட்டத்திலிருந்து கிளைத்ததாம் இது. அதற்கும் முன்னால், 1913-லேயே, எச்.ஜி.வெல்ஸ் என்ற கதாசிரியர் பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் ஆடுவதற்கு விதி எழுதிப் புத்தகம் போட்டிருக்கிறார். நமக்குத் தாயக்கட்டை என்றால் நாலு பக்கம். இவர்கள் ஆட்டத்தில் இருபது முகம் கொண்ட கட்டை கூட உண்டு. மாயாவி, ஆவி, நெருப்பு, தண்ணீர் இவற்றுக்கெல்லாம்தான் இந்தக் கண்ணாடிப் பொம்மை. கலர் வாங்கியவர்களே தீட்டிக்கொள்ள வேண்டும்.

"பேய்ப் பொம்மையைக் கொண்டாந்து நடுவீட்டில வச்சிருக்கானே" என்று எங்கள் அத்தைக்குத்தான் ஒரே மனத்தாங்கல்.

ஒருநாள் மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து பார்த்தால் சந்தோஷப்படுவானே என்று, கேட்டுக்கு அடித்து மீந்த வெள்ளை எனாமலை எடுத்துப் பேய்க்குப் பூசிவிட்டேன். கோல மாவு பிடித்த கை இல்லையா, சுத்தமாகவே பூசினேன். எழுந்து வந்தவன் பார்த்தான். "என்னம்மா, பேயைச் சுவராக்கி வச்சிருக்கே?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே ஓடி, மகளுடைய நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பெயிண்ட் போயிற்று. கூடவே பேயின் பளபளப்பும் போயிற்று! கை ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் பூத்துப்போய், சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தத் திரவத்தில் அசிடோன் இருக்கிறது, பல பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டு என்ன பயன்?

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்தப் பேய், ஹாஸ்டலில் அவனோடு ஒரே அறையில் இருந்த பையன் கொடுத்ததாம். பணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்திக்கொண்டு ஊருக்குப் போகும்போது, டப்பாவைக் கையில் கொடுத்து, "நீ கலர் பண்ணி வை, நான் வந்து ஆடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இதை என் மகள்தான் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூடத்தை ஒட்டடை அடிக்கும்போது எங்கள் தாத்தா படத்தைத் துடைத்தேன். பழைய ஸ்டூடியோ படம். கறுப்பு வெள்ளைதான், ஆனால் கன்னத்தில் லேசாக ரோஸ், அங்கவஸ்திரக் கரையில் பச்சை. கலர் போட்டோ வருவதற்கு முன்னால் இப்படித்தான் கையால் வண்ணம் ஏற்றுவார்கள். மூக்கு, கண், மடிப்பு எல்லாம் போட்டோவிலேயே இருக்கும். அதை மறைக்காத நீர்த்த சாயமாகத் தொட்டுத் தொட்டு ஏற்ற வேண்டும். கெட்டியாகப் பூசினால் ஆளே காணாமல் போய்விடுவார். சட்டென்று எனக்கு விளங்கியது. நான் செய்த தப்பு அதுதானே! கண்ணாடிப் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. சாயம் ஏற்ற வேண்டும்.

எங்கள் ஊருக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. சிவகாசி காலண்டர்களில் நம் வீடுகளுக்கெல்லாம் முருகனையும் லட்சுமியையும் அனுப்பி வைத்த ஓவியர் சி.கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில்தான் வாழ்ந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம் என்று சீடர்கள் ஒரு வரிசையே அவரிடம் உருவாயிற்று. தீப்பெட்டி ஊர் என்றும் கடலைமிட்டாய் ஊர் என்றும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிகிறது. தூரிகை ஊர் என்று சொன்னாலும் பொய்யில்லை.

தாத்தா படத்தைக் கழற்றிக் கொண்டுபோய் அவன் கட்டிலில் வைத்தேன். "ஏய்யா, இந்த மாதிரி செஞ்சா?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான்.

மிச்சம் மூன்று பொம்மைகளில் ஆரம்பித்தோம். முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலில், வெதுவெதுப்பான தண்ணீரில், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய பிசுக்கு அதில் இருக்கும். அது இருந்தால் வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். கொதிக்கும் தண்ணீர் ஆகாது, கத்தி வளைந்துவிடும். எங்கள் கரிசல்காட்டுப் போர்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் உப்புப் புள்ளி புள்ளியாகப் பூத்துவிடுகிறது. குடிக்க வைத்திருந்த தாமிரபரணித் தண்ணீரில் ஒரு டம்ளர் செலவழித்துத்தான் கடைசி அலசு அலசினேன். அத்தை பார்க்காத நேரமாகப் பார்த்து!

சாதாரணப் பொம்மை என்றால் முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிப்பார்களாம். இதற்கு அது கூடவே கூடாது. எனாமல் கதைதான் ஆகும். அதற்குப் பதில், தண்ணீரில் கரையும் பளபள வார்னிஷை மெல்லிசாக ஒரு கை பூசிக் காயவிட்டால் வண்ணம் பிடித்துக்கொள்கிறது. அதன்மேல் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும் கண்ணாடி ஓவிய வண்ணம், அல்லது ஊடுருவித் தெரியும் மை. வாங்கும்போது தண்ணீரில் கரைகிற வகையா என்று பார்த்து வாங்குங்கள். தின்னர் வகையும் உண்டு. கல்லீரல் நோய்க்காரன் இருக்கிற வீட்டில் தின்னர் வாசனையே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோயில்லாத வீட்டிலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வதே நல்லது.

வண்ணத்தை ரசம் மாதிரி நீர்க்க வைத்துக்கொள்ள வேண்டும், சாம்பார் மாதிரி அல்ல. பள்ளங்களில் அது தானாகவே ஓடித் தேங்கி ஆழமான நிறம் காட்டும். மேடுகளில் வெளிறி நிற்கும். அதிகம் தேங்கினால் ஈரப் பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிடலாம். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் அடியில் இருப்பதும் உரிந்துகொண்டு வரும், நான் உரித்திருக்கிறேன். தீ ஜுவாலைக்கு அடியில் மஞ்சள், மேலே போகப்போக ஆரஞ்சு, நுனியில் சிவப்பு என்று ஏற்றினோம். நீர்ப்பூதத்துக்கு நீலத்தைப் பாதியோடு நிறுத்தி, மீதியைச் சும்மாவே விட்டான் அவன். "முழுசும் பூசேன்யா" என்றேன். "விட்ட இடம்தாம்மா தண்ணி" என்றான். அவன் சொன்னதுதான் சரி. அலை நுனியில் மட்டும், பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டுத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதை வைத்து லேசாக உரசினான். நுரை வந்துவிட்டது!

ஒட்டுவதற்குச் சட்டென ஒட்டும் சூப்பர் பசையைத் தொடாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துப் போகும். போலீசார் கைரேகை எடுக்க அந்த ஆவியையும் பயன்படுத்துவார்களாம். வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். கடைசி வார்னிஷும் பளபள வகைதான். மங்கல் வகை பூசினால் எல்லாம் பனி மூடினாற்போல் ஆகிவிடும். ஆடிக் காற்றில் இங்கே கரிசல் புழுதி எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். காயும்வரை பொம்மையைத் தீப்பெட்டி மேல் நிறுத்தி, எவர்சில்வர் டபராவைக் கவிழ்த்து மூடி வைத்தேன்.

எனக்கு வெள்ளெழுத்து வந்து இரண்டு வருஷமாகிறது. கண்ணாடி போடச் சோம்பல்பட்டுக்கொண்டிருந்தவள், பேயின் கண்ணை எழுதுவதற்காகவே போய் வாங்கினேன்! இன்னொன்று: பிரஷ் நுனியைக் கூராக்க வாயில் வைத்து இழுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நூல் கோக்கிற ஞாபகம். அதை விட்டுவிடுங்கள். 1917 முதல் அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் கடிகார முகப்புக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டிய இளம்பெண்கள் அப்படித்தான் நுனியை உதட்டில் கூராக்கினார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் செத்தே போனார்கள். நம் வண்ணத்தில் ரேடியம் இல்லைதான். ஆனாலும் வாய் வாய்தான். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் பொம்மையையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு அங்குலப் பொருள் தொண்டைக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசியாகத்தான் அந்தப் பூத்துப்போன பேயை எடுத்தான். பளபள வார்னிஷைத் தடவினான். சகோதரிகளே, பாதிப் பேய் திரும்பி வந்தது! சொரசொரப்புக்குள் வார்னிஷ் இறங்கி நிரவியதும் தலையும் தோளும் தெளிந்துவிட்டன. வால் மட்டும் வெளுப்பாகவே நின்றுவிட்டது. "பரவால்லம்மா, மூடுபனிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லி, வாலுக்குத் துளி பச்சை தொட்டுவிட்டான். அன்று இரவு இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்டான்.

போட்டோ எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்பியிருக்கிறான். அவன் இப்போது ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் ஆடினார்கள். "ஆன்ட்டி, என் பேயை நீங்கதான் குளிப்பாட்டினீங்களாமே!" என்று சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மற்ற மூன்றும் அவனோடு கோயம்புத்தூர் போய்விட்டன. பேயை மட்டும், "அவன் வந்து எடுத்துக்கட்டும்" என்று இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். சாயங்கால வெயில் வரும் ஜன்னலில், தீப்பெட்டி மேல் நிற்கிறது. அத்தை தினமும் தூசி தட்டும்போது அதை எடுத்து, துடைத்து, வெளிச்சம் படுகிற மாதிரி திருப்பி வைக்கிறார்கள்.