சவலைப் பிள்ளை ஏன் தேறுவதில்லை?

சென்ற மாதம் சத்துமாவு பாக்கெட் வாங்க வந்த ஒரு சகோதரி, வாங்கிய பிறகும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். என்னவென்று விசாரித்தபோது கண் கலங்கிவிட்டது. "மூணு மாசமா தவறாம காய்ச்சிக் கொடுக்குறேன். புள்ள எடை ஏறவே இல்ல. மாவை மத்தவங்களுக்கு ஆக்கிப் போட்டுடுறேன்னு மாமி நெனைக்கிறாங்க" என்றார்.

மறைப்பானேன், நமது குழுவிலும் சிலருக்கு அதே எண்ணம் இருந்தது. கொடுத்த உணவு குழந்தையின் வயிற்றுக்குப் போயிருந்தால் உடம்பில் தெரிய வேண்டாமா என்பது நாம் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது என்பதை அண்மைக் கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை பங்களாதேஷின் தலைநகர் டாக்காவில், ஏழைகள் நெருக்கமாக வாழும் மிர்பூர் பகுதியில் நடந்தவை.

நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016-ல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. உடலின் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடிதான். இந்த பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. கிருமி என்றாலே நோய் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் குடலில் குடியிருப்பவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை உடைத்துத் தருகின்றன, சில வைட்டமின்களை உண்டாக்குகின்றன, நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக வளர உதவுகின்றன. பிரசவத்தின்போதும் தாய்ப்பாலின் வழியாகவும் இவை குழந்தையிடம் வந்து சேரத் தொடங்கி, இரண்டு மூன்று வயதுக்குள் பெரியவர்களுக்கு இருப்பது போன்ற கூட்டமாக நிலைபெறுகின்றன.

இதையெல்லாம் எப்படிக் கண்டறிகிறார்கள்? பெரும்பாலும் மலத்திலிருந்துதான். முகம் சுளிக்க வேண்டாம், குழந்தையின் உடம்பில் ஊசி குத்தாமல் கிடைக்கும் சான்று அது. குடலில் வாழும் பல வகைகள் காற்றுப் பட்டால் செத்துவிடும் என்பதால், ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது கடினம். ஆகவே மலத்தை உறையவைத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வைப் பிரித்துப் படிக்கிறார்கள். எல்லா பாக்டீரியாவிலும் '16எஸ்' என்று குறிக்கப்படும் ஒரு மரபணு உண்டு. அதன் சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும், சில பகுதிகள் வகைக்கு வகை மாறும். மாறும் பகுதியைப் படித்தால் எந்தெந்த வகை, எந்த விகிதத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டன் குழுவும், டாக்காவின் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த தஹ்மீத் அஹ்மத் குழுவும் சேர்ந்து இந்த வேலையில் இறங்கின. (வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் 1968-ல் சோதித்து நிறுவப்பட்டதும் இதே டாக்கா மையத்தின் முன்னோடி நிறுவனத்தில்தான்.) மிர்பூரின் ஆரோக்கியமான குழந்தைகளிடம் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை மாதந்தோறும் மலம் சேகரித்தார்கள். வயது ஏற ஏற எந்த பாக்டீரியா குறைகிறது, எது கூடுகிறது என்று ஒழுங்குபடுத்தியபோது, 24 வகைகளைப் பார்த்தே குடலின் வயதைச் சொல்ல முடிந்தது. பிறகு கடுமையாக மெலிந்த குழந்தைகளைச் சோதித்தார்கள். அவர்களது குடல், வயதுக்குப் பின்தங்கி, சின்னக் குழந்தையின் குடல் போலவே இருந்தது. சத்துணவு கொடுத்தபோது சற்று முன்னேறி, நிறுத்திய பிறகு மீண்டும் பின்தங்கியது. இது 2014-ல் வெளியான முடிவு.

சரி, மெலிந்ததால் குடல் இப்படி ஆனதா, குடல் இப்படி இருப்பதால் மெலிவா? இதற்கு விடை தேட, கிருமியே இல்லாமல் வளர்க்கப்படும் எலிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 317 இரட்டையர் ஜோடிகளைப் பின்தொடர்ந்தபோது, ஒரே வீட்டில், ஒரே சட்டி உணவில் வளர்ந்தும் ஒரு பிள்ளை நன்றாக இருக்க, மற்றதற்குக் 'குவாஷியோர்கர்' என்ற ஊட்டக்குறை நோய் வந்த ஜோடிகள் இருந்தன. (கானா நாட்டின் கா மொழிச் சொல் அது. அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று பொருள். நம் ஊரில் சவலை என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.) நோயுற்ற பிள்ளையின் குடல் பாக்டீரியாவை எலிக்குள் செலுத்தி, மலாவி மக்களின் எளிய உணவையும் கொடுத்தபோது எலி வெகுவாக மெலிந்தது. நல்ல உணவு கொடுத்தபோது அவ்வளவு மெலியவில்லை. உணவும் பாக்டீரியாவும் சேர்ந்துதான் பிள்ளையைத் தேற்றுகின்றன அல்லது வாட்டுகின்றன என்பது அதில் தெரிந்தது.

அப்படியானால் பின்தங்கிய குடலை வளர்க்கும் உணவு எது? உள்ளூரில் கிடைக்கும் பொருள்களையே எலிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் சோதித்து, கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய் சேர்ந்த ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். 12 முதல் 18 மாத வயதுள்ள, மிதமாக மெலிந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதையும், மீதிப் பேருக்கு அரிசி பருப்பு சேர்ந்த வழக்கமான சத்துணவையும் மூன்று மாதம், தினம் இருவேளை கொடுத்தார்கள். முழுமையாகப் பங்கேற்றவர்கள் 118 பேர். புதிய கலவையில் கலோரி குறைவு. இருந்தும் அதை உண்ட குழந்தைகளே வேகமாக எடை கூடினர். எலும்பு வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் தொடர்புள்ள புரதங்களும் அவர்கள் இரத்தத்தில் கூடியிருந்தன. 2021-ல் இது வெளியானது.

118 குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கை. ஆகவே இதைப் படித்துவிட்டு வீட்டில் கடலை மாவைக் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். அவர்கள் கொடுத்தது வைட்டமின், தாது உப்புகள் அளவோடு சேர்த்துத் தயாரித்த உணவு. முழு நிலக்கடலையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அது நோய்க்கிருமியோடு குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் அழிக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள்.

அந்தச் சகோதரியின் குழந்தையை மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம். எடை ஏறாததற்குக் குடற்புழு, காசநோய் என்று வேறு காரணங்களும் இருக்கலாம், அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நமது குழுவின் பெண்கள் இருவர் வீட்டுக்குப் போய் மாமியிடமும் பேசிவிட்டு வந்தார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் சத்துமாவு வாங்க வரும் தாய்மார்கள் அங்கன்வாடியில் தரும் எடை அட்டையையும் கொண்டு வரவும். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாத குழந்தைகளை மருத்துவமனைக்கு நாமே அழைத்துச் செல்வோம். காரணம் கேட்டு யாரையும் நிறுத்தி வைக்க மாட்டோம்.