எந்திரம் வாத்தியார், மீன் மாணவன்!
மறதி நோயின் மூலத்தைத் தேடும் ஆராய்ச்சி

கிராபோர்டு மார்க்கெட் கண்ணாடித் தொட்டிகளில் நீலக் கோடு போட்ட சிறு மீன்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஜீப்ரா மீன் என்று பெயர். நீளம் ஒன்றரை அங்குலம்தான். கங்கைச் சமவெளி இதன் தாயகம். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் இதை வளர்க்கிறார்கள்.

இந்த மீனுக்குப் பாடம் சொல்லித் தருவது எந்திரம்! தொட்டியின் ஒரு பாதியில் விளக்கு எரியும். அங்கேயே நின்றால் லேசான மின் அதிர்ச்சி. மறு பக்கம் போனால் தொல்லையில்லை. மீன் எங்கே நிற்கிறது என்பதைக் காமிரா பார்க்கும். விளக்கையும் மின்சாரத்தையும் கம்ப்யூட்டர் இயக்கும். பல தடவை பட்ட பிறகு, விளக்கு எரிந்ததுமே மீன் விலகிவிடுகிறது. மறுநாளும் விலகினால் பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று பொருள்.

ஆள் வைத்துச் செய்தால் மீனுக்கு மீன் நேரம் கூடும், குறையும். எந்திரத்துக்கு அலுப்பில்லை, பல தொட்டிகளை ஒரே சமயத்தில் கவனிக்கும்.

மீன் எதற்கு? மனிதனின் மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இணையானவை இதனிடம் இருப்பது 2013-ல் வெளியாயிற்று. குஞ்சின் உடல் கண்ணாடி போன்றது. மூளை வேலை செய்வதையே மைக்ராஸ்கோப்பில் காணலாம். அடுத்து வரப்போவதைக் குஞ்சின் சிறுமூளை முன்கூட்டியே எதிர்பார்ப்பதை, பெங்களூரில் வத்சலா திருமலை குழுவினர் கண்டு 2024-ல் வெளியிட்டனர்.

பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்த முதியவரை ஒற்றை அறையில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் குடும்பங்கள் தாராவியிலும் செம்பூரிலும் உண்டு. அல்ஜைமர் நோயை அடியோடு குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மீன் கற்ற பாடம் நாளையே மாத்திரையாகிவிடாது. ஆனால் நினைவு எப்படிப் பதிகிறது என்று தெரிந்தால்தான், அது எங்கே அறுந்துபோகிறது என்பதும் தெரியும்.