மென்பொருள் தேய்வதில்லை

படத் திருத்த மென்பொருள் ஒன்றை அதன் நிறுவனமே கைவிட்டுவிட்டது என்று தெரிந்ததும், இனி அது எதற்கும் உதவாது என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுகிறார்கள். ஆப்பிள் 2014இல் அபெர்ச்சரை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அறிவித்து, மறு ஆண்டே விற்பனையிலிருந்து எடுத்தபோதும், கூகுள் 2016 மார்ச்சில் பிகாசாவை நிறுத்தியபோதும் இதுதான் நடந்தது. ஆனால், நேற்று கணக்கைச் சரியாகப் போட்ட நிரல் அதே கணினியில் நாளையும் சரியாகவே போடும். அதனால் பழைய கணினியில் பழைய மென்பொருளை வைத்துப் படம் திருத்துவதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது நியாயமான தேர்வு என்றே நான் நினைக்கிறேன். நிபந்தனை ஒன்றுதான்: திருத்திய வேலை அந்த மென்பொருளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கக் கூடாது.

படத் திருத்தம் என்பது அடிப்படையில் எண்கணிதம். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் சிவப்பும் பச்சையும் நீலமும் 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். வெளிச்சத்தைக் கூட்டுவதென்றால் ஒவ்வோர் எண்ணுக்கும் பதிலாக வேறோர் எண்ணை வைப்பது. மங்கலாக்குவதென்றால் பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி காண்பது. ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தபோது இருந்த இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. 1.2 கோடிப் புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு மூன்று பைட் வீதம், நினைவகத்தில் சுமார் 36 மெகாபைட் பிடிக்கும். 4 ஜிகாபைட்டுக்கு மேல் எட்ட முடியாத 32-பிட் மென்பொருளுக்குக்கூட இது பெரிய சுமையல்ல.

அப்படியானால் கைவிடப்பட்ட மென்பொருள் ஏன் நின்றுபோகிறது? பெரும்பாலும் அது எதை நம்பியிருந்ததோ, அது விலகிக்கொள்வதால். 2005இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்2, உரிமத்தைச் சரிபார்க்க அடோபியின் சர்வரை நாடியது. அந்த சர்வர் மூடப்பட்டபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காகச் சரிபார்ப்பு தேவைப்படாத பதிப்பை 2013இல் நிறுவனமே தர வேண்டியிருந்தது. லைட்ரூம் 6இல் வரைபடப் பகுதி மட்டும் 2018இல் செயலிழந்தது. பின்னணியில் இருந்த கூகுள் வரைபட இணைப்பு காலாவதியானதே காரணம். அபெர்ச்சரின் கதை இயங்குதளத்தோடு முடிந்தது: மேக்ஓஎஸ் மொஹாவே வரை ஓடியது, 2019இல் கேட்டலினா வந்ததும் நின்றது. இயங்குதளத்தை மாற்றாமல் வைத்திருக்கும் பழைய கணினியில் அது இன்னும் ஓடும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அபெர்ச்சர், லைட்ரூம், பிகாசா போன்ற மென்பொருள்கள் மூலப்படத்தைத் தொடுவதில்லை. எங்கே வெட்டினோம், எவ்வளவு வெளிச்சம் கூட்டினோம் என்ற கட்டளைகளை மட்டும் தனியே சேமித்து, படத்தைத் திறக்கும்போதெல்லாம் அவற்றைப் புதிதாக நிறைவேற்றிக் காட்டுகின்றன. மூலம் பத்திரமாக இருக்கும் என்பதால் இது அருமையான ஏற்பாடு. ஆனால் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் போய்விட்டால், மிஞ்சுவது திருத்தப்படாத மூலம் மட்டுமே. அபெர்ச்சரிலிருந்து லைட்ரூமுக்கு மாறியவர்கள் இதை அனுபவித்தார்கள்: நட்சத்திர மதிப்பீடுகளும் குறிச்சொற்களும் கூடவே வந்தன, வண்ணத் திருத்தங்கள் வரவில்லை. பிகாசா தன் கட்டளைகளை ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறிய உரைக் கோப்பாகவே எழுதிவைத்தது. எவரும் திறந்து படிக்கலாம். இருந்தும், தானியங்கித் திருத்தம் செய்யப்பட்டது என்றுதான் அது சொல்லும், எந்தச் சூத்திரத்தால் என்று சொல்லாது. அதனால்தான் முடித்த படத்தை அவ்வப்போது டிஃப் அல்லது ஜேபெக் கோப்பாக வெளியே எடுத்துவைப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பாதுகாப்பு பற்றிய எதிர்வாதம் வலுவானது. படக் கோப்பே ஆயுதமாகலாம். 2004இல் விண்டோஸில் ஜேபெக் படத்தைப் பார்த்தாலே தீங்கு நிரல் இயங்கக்கூடிய ஓட்டை வெளிப்பட்டது. 2023இல் வெப்பி வடிவத்தின் நிரலகத்திலும் அதுபோன்ற ஒன்று. திருத்தம் பெறாத மென்பொருளில் இத்தகைய ஓட்டைகள் நிரந்தரமாகிவிடும். ஆகவே அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட வேண்டும், நாமே எடுத்த படங்களை மட்டும் அதில் திறக்க வேண்டும். புதிய கேமராக்களின் கோப்புகளைப் பழைய மென்பொருள் அறியாது என்பதும் உண்மைதான். அதற்கு வழி உண்டு: கேமராவின் ரா கோப்புகளை டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றும் கருவியை அடோபி இலவசமாகவே தருகிறது. ஐபோனின் ஹெய்க் படங்களை வேறொரு கணினியில் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம். இருட்டில் எடுத்த படத்தின் புள்ளி இரைச்சலைச் செயற்கை நுண்ணறிவு நீக்கும் நேர்த்தியைப் பழையவற்றில் எதிர்பார்க்க முடியாது. அது தேவைப்படுவோர் புதியதை வாங்கத்தான் வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, திரை. மென்பொருள் தேயாது, ஆனால் பழைய எல்சிடி திரைகளின் பின்விளக்கு தேயும், மங்கும், மஞ்சளடிக்கும். அதைப் பார்த்து வண்ணம் திருத்தினால் கணக்கு சரியாக இருந்தும் படம் தவறாகும். வன்தட்டும் ஒருநாள் நிற்கும். எனவே திரையை மட்டும் மாற்றி, வன்தட்டு முழுவதையும் அப்படியே நகலெடுத்து வைத்தால் மீதிக் கணினி நெடுநாள் உழைக்கும். உலகம் 2022இல் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாக மறுசுழற்சிக்குப் போனது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஓடுகிற கணினியைத் தூக்கி எறிய வலுவான காரணம் வேண்டாமா?

பொறுப்பைப் பயனர் தலையில் மட்டும் கட்டுவதும் சரியல்ல. ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பின் மூல நிரலை, ஏறத்தாழ 1,28,000 வரிகளை, அடோபியின் அனுமதியோடு கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2013இல் வெளியிட்டது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்தான், அதுவும் 23 ஆண்டுகள் கழித்து. பிகாசாவுக்கும் அபெர்ச்சருக்கும் முழு நிரலைக்கூட நான் கேட்கவில்லை. திருத்தக் கட்டளைகள் எந்த வடிவில் எழுதப்பட்டன, ஒவ்வொரு கருவியும் என்ன கணக்கைச் செய்தது என்று விளக்கும் ஆவணம் போதும். விற்பனையை நிறுத்தும் நாளிலேயே அதை வெளியிட நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.