பேட்ச் வந்தால் உடனே சேர்த்துவிடலாமா?

நேற்று அழித்த பத்தி இன்று வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? ஃபைலின் பழைய நிலைகளையெல்லாம் சேமித்து வைத்து, கேட்டதும் எடுத்துத் தரும் மென்பொருட்களை வெர்ஷன் கண்ட்ரோல் என்பார்கள். அவற்றில் ஒன்றான கிட் இலவசமாகவே கிடைக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதி, அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். இதில் யாரும் திருத்தம் செய்து அனுப்பலாம். நீக்கும் வரிக்குக் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்குக் கூட்டல் குறி போட்டுக் காட்டும் அந்தச் சிறு ஃபைலுக்குத்தான் பேட்ச் என்று பெயர்.

சின்னமனூரில் இருக்கும் என் அக்கா மகன் திராட்சைத் தோட்டக் கணக்கை கிட்டில் வைத்திருக்கிறான். 'தேனி' என்று பெயர் வைத்த ஃபைலை கிட் வெறும் எண்களாகக் காட்டியது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். த, ஏகாரக் குறி, ன, இகரக் குறி என நான்குக்கும் 12 பைட். ஒவ்வொரு பைட்டையும் \340 என்பது போல கிட் எழுதுகிறது. பையன் சி மொழி படித்தவன். அப்படி மாற்றுகிற பகுதியையே நீக்கி, "மாமா, பார்த்துச் சொல்லுங்க, அனுப்பிடலாமா?" என்று பேட்சைக் கொடுத்தான்.

கம்பத்தில் என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் கிட்டின் மூல நிரலைப் பிரதி எடுத்து, முதலில் பேட்ச் இல்லாமலே அதனுடன் வரும் சோதனைகளை ஓட்டினேன். (நடுவில் கரண்ட் போய் இரண்டாம் முறையும் ஓட்ட வேண்டியதாயிற்று.) எல்லாம் தேறின. இதைச் செய்யாவிட்டால், பின்னால் வரும் பிழை யாருடையது என்றே தெரியாது.

பேட்சைச் சேர்த்ததும் 'தேனி' அழகாகத் தெரிந்தது. சரி, அனுப்பு என்று சொல்லியிருப்பேன். ஆனால் மறுபடி ஓட்டிய சோதனையில், ஃபைல் பெயர்களைப் பார்க்கும் பகுதி தோற்றது. லினக்ஸில் ஒரு பெயருக்குள் டேப், புதுவரி கூட இருக்கலாம். அதை அப்படியே காட்டினால் ஒரு பெயர் இரண்டாகத் தெரியும். பட்டியலைப் படித்து ஃபைல்களை அழிக்கும் வேறொரு புரோகிராம் தவறான ஃபைலை அழித்துவிடும். விண்டோஸில் அப்படிப் பெயர் வைக்க முடியாது என்பதால் பையனுக்கு இது தோன்றவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சோதனையில் உள்ள ஜப்பானிய எழுத்துக்கள் ஹமானோவின் பெயர்தான்!

தமிழ்ப் பெயர் தெரிய பேட்சே தேவையில்லை. கோர்.கோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் போதும். டேப் உள்ள பெயர்கள் அப்போதும் குறியீடாகவே வரும். பையன் அன்றே மாற்றிக்கொண்டான், பேட்சை அனுப்பவில்லை.