கார் ஸ்டீரியோ மாற்றப் போறீங்களா? வயரை வெட்டும் முன் இதைப் படிங்க!

புது ஸ்டீரியோ மாட்டி மூன்றாவது நாள். காலையில் ஆபீஸ் கிளம்பி சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஓட்டினாலும் அடுத்த நாள் அதே கதை. கடைக்குப் போனால், "பேட்டரி வீக் சார், மாத்திடுங்க" என்கிறார்கள். ஆனால், பல நேரங்களில் குற்றவாளி பேட்டரியே இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் தவறான இடத்தில் முறுக்கிவிடப்பட்ட ஒரே ஒரு வயர்தான்!

பேஸ் மாடல் கார் வாங்குபவர்களும், செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களும் முதலில் ஆசைப்படுவது டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவுக்குத்தான். எந்த பிராண்ட், எத்தனை இன்ச், எவ்வளவு ரேம் என்று வாரக்கணக்கில் அலசுவோம். அதை காரின் ஒரிஜினல் வயரிங்கோடு எப்படி இணைக்கப் போகிறார்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம். கேட்க வேண்டியதே அதைத்தான்.

எந்த வயர் எதற்கு?

வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் வயர் நிறங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

* மஞ்சள்: பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். கடிகாரம், ப்ளூடூத், ரேடியோ செட்டிங் எல்லாம் நினைவில் இருப்பது இதனால்தான்.
* சிவப்பு: சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட். 'விழித்துக்கொள்', 'தூங்கு' என்று ஸ்டீரியோவுக்குச் சொல்வது இதுதான்.
* கறுப்பு: எர்த்.
* நீலம் அல்லது நீலத்தில் வெள்ளைக் கோடு: ஆன்டெனா பூஸ்டர், ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்ய.
* வெள்ளை, சாம்பல்: முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்கள்.
* பச்சை, ஊதா: பின்பக்க இடது, வலது ஸ்பீக்கர்கள். இந்த நான்கு நிறங்களிலும் கறுப்புக் கோடு இருந்தால் அது மைனஸ்.

இங்கேதான் ஒரு சிக்கல். இந்த நிறங்கள் புது ஸ்டீரியோவுக்கு மட்டும்தான் பொருந்தும். காரின் ஒரிஜினல் வயர்களுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் கொடுக்கும். எனவே, 'சிவப்போடு சிவப்பு' என்று கண்ணால் பார்த்து இணைப்பது சூதாட்டம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துதான் இணைக்க வேண்டும்.

பேட்டரி ஏன் காலியாகிறது?

சில கார்களில் ஸ்டீரியோ கப்ளரில், சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் கரன்ட் லைனே இருக்காது. 'சாவி போட்டாச்சு' என்ற தகவல் கேன் பஸ் எனப்படும் டிஜிட்டல் லைன் வழியாக வரும். அவசரத்தில் இருக்கும் பிட்டர் என்ன செய்வார்? சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி, எப்போதும் கரன்ட் வரும் லைனில் கொடுத்துவிடுவார். ஸ்டீரியோ ஆன் ஆகும், பாட்டு வரும், நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்புவீர்கள்.

ஆனால், அந்த ஸ்டீரியோ இனி தூங்கவே தூங்காது. ஸ்கிரீன் கறுப்பாக இருந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீரியோ 1 ஆம்பியர் இழுத்தால் 35 மணி நேரத்தில் முழுவதும் காலி. ஸ்டார்ட்டர் மோட்டார் அதற்கு வெகுமுன்பே கைவிரித்துவிடும். சனிக்கிழமை காலை நிறுத்திய கார் ஞாயிறு மாலை கிளம்பாது.

இதற்குத் தீர்வு, காருக்கு ஏற்ற கேன் பஸ் அடாப்டர். இல்லையென்றால், சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஃப்யூஸிலிருந்து தனி ஃப்யூஸோடு சிவப்பு வயருக்கு இணைப்பு எடுக்கலாம்.

மைனஸ் வேறு, எர்த் வேறு

இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களுமே ஆம்ப்ளிஃபையர் சிப்பிலிருந்துதான் வருகின்றன. பெயர்தான் மைனஸ்; அது எர்த் கிடையாது. 'எல்லா மைனஸும் ஒண்ணுதானே' என்று அதை பாடியில் தொட்டுவிட்டால் ஷார்ட் சர்க்யூட். நல்ல யூனிட்டாக இருந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மட்டமான யூனிட் என்றால் சிப் போய்விடும்.

பிளஸ், மைனஸ் மாறினால் எதுவும் எரியாது. ஆனால், ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும்; பேஸ் சத்தம் காணாமல் போகும். 'புது ஸ்டீரியோ, ஆனா பழசுதான் நல்லா இருந்துச்சு' என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

போஸ், ஹார்மன் போன்ற பெயர் பொறித்த ஸ்பீக்கர்களோடு வரும் கார்களில் தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கலாம். அதை ஆன் செய்யும் நீல வயர் இணைக்கப்படவில்லை என்றால் ஸ்கிரீன் எரியும். சத்தம் மட்டும் வராது. அதேபோல, எஃப்.எம். இரைச்சலாக வந்தால் ஆன்டெனா பூஸ்டருக்குக் கரன்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெட்டாமல் மாட்ட முடியுமா?

முடியும். "கப்ளர்லாம் எதுக்கு சார், கட் பண்ணி ஜாயின்ட் போட்டுடலாம், பத்து நிமிஷ வேலை" என்பார்கள். அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே அடாப்டர் கப்ளர் கிடைக்கிறது. ஒரு பக்கம் காரின் ஒரிஜினல் சாக்கெட்டில் அப்படியே பொருந்தும். மறுபக்கம் புது ஸ்டீரியோவின் வயர்களோடு சேரும். ஸ்டீரியோ விலையோடு ஒப்பிட்டால் இது சின்ன செலவுதான். நாளைக்கு காரை விற்கும்போது பழைய ஸ்டீரியோவை அப்படியே திரும்ப மாட்டிவிடலாம்.

அடாப்டருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் போடும் ஜாயின்ட்டும் முக்கியம். வெறும் முறுக்கி டேப் சுற்றினால், வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் டேப்பின் பசை இளகி, சுற்று பிரிந்துவிடும். கிரிம்ப் அல்லது சால்டர் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். டேஷ்போர்டுக்குள் தனியாக மஞ்சள் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். ஸ்டீரியோவின் மஞ்சள் வேறு, இது வேறு. அதில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது.

ஃப்யூஸ் பெரிதாகப் போட்டால் என்ன?

ஸ்டீரியோ லைனில் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும். அது காப்பாற்றுவது அந்த வயரைத்தான். அடிக்கடி போகிறதே என்று 30 ஆம்பியர் போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும். அட்டைப்பெட்டியில் '4x50 வாட்' என்று இருந்தாலும், கார் வோல்டேஜில் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைப்பது சுமார் 20 வாட்தான். அதற்கு ஒரிஜினல் வயரிங்கே போதும். தனி ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் போடுவதானால் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வைக்க வேண்டும்.

வாரண்டி, இன்ஷூரன்ஸ்?

ஒரிஜினல் வயரை வெட்டியிருந்தால், பிறகு எலெக்ட்ரிக்கல் பழுது வரும்போது 'இது வெளியில் செய்த வேலை' என்று சொல்ல சர்வீஸ் சென்டருக்கு வாய்ப்பு கிடைக்கும். இன்ஷூரன்ஸிலும், கம்பெனி பொருத்தாத ஸ்டீரியோவை தனியாகத் தெரிவித்து கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் கவர் கிடைக்கும். பெரும்பாலும் அது பொருளின் மதிப்பில் 4 சதவீதம்.

பணம் கொடுக்கும் முன்...

1. சாவியை எடுத்ததும் ஸ்டீரியோ தானாக ஆஃப் ஆகிறதா? மறுபடி போட்டால் செட்டிங் அப்படியே இருக்கிறதா?
2. பேலன்ஸ், ஃபேடரை நகர்த்தி நான்கு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கேட்டீர்களா?
3. ஸ்டீயரிங் பட்டன், ஹாரன், ரிவர்ஸ் கேமரா வேலை செய்கிறதா? டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் அணைகிறதா?
4. காரைப் பூட்டி சில நிமிடங்கள் கழித்து, பேட்டரியிலிருந்து போகும் கரன்ட்டை மல்டிமீட்டரில் அளக்கச் சொன்னீர்களா? பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி.
5. ஓட்டும்போது வீடியோ ஓடுவதற்காக ஹேண்ட் பிரேக் வயரை எர்த்தில் கொடுத்திருக்கிறார்களா? அப்படியென்றால் பிரித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பூட்டு இருப்பது உங்கள் உயிருக்காக.

இதற்கெல்லாம் கடையில் கூடுதலாக அரை மணி நேரம் ஆகலாம். திங்கட்கிழமை காலை பார்க்கிங்கில் நின்று ஜம்பர் கேபிள் தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.