வீட்டைப் பார்வையிட வந்த குரு

பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலை நம்மில் பலர் விரைவாகவே புரட்டிக் கடந்துவிடுகிறோம். பலிகளின் ஒழுங்குகளும் தூய்மைச் சட்டங்களும் நிறைந்த அந்நூலின் பதினான்காம் அதிகாரத்தில், முப்பத்துமூன்றாம் வசனம் தொடக்கம் வியப்புக்குரிய ஒரு பகுதி உண்டு. அது கல் வீட்டின் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படரும் பூசணத்தைப் பற்றியது. வீட்டுக்குரியவர் குருவிடம் சென்று, தம் வீட்டில் ஏதோ தென்படுவதாக அறிவிக்க வேண்டும். குரு உள்ளே நுழையுமுன் வீட்டிலுள்ள பொருள்கள் யாவும் வெளியே கொண்டுவரப்பட வேண்டும். பின்னர் அவர் சுவர்களை நோக்குவார். கறை மேற்பரப்போடு நிற்கிறதா, சுவரின் உள்ளே ஆழ்ந்து சென்றிருக்கிறதா என ஆராய்வார். ஆனால் உடனே தீர்ப்புச் சொல்லமாட்டார். வீட்டை ஏழு நாள் பூட்டிவைத்துத் திரும்பி வருவார். கறை படர்ந்திருந்தால் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்தெடுத்து, உட்சுவரைச் சுரண்டி, வேறு கற்களும் வேறு சாந்தும் இடச் செய்வார். அதன் பின்னரும் அது தலைகாட்டினால் வீடு இடிக்கப்படும். தலைகாட்டாவிட்டால், வீடு தூயதென்று அறிவிக்கப்படும்.

இச்சட்டம் வழங்கப்பட்டபோது இஸ்ரயேல் மக்கள் பாலைநிலத்தில் கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் கல் வீடு ஒன்றுகூட இருக்கவில்லை. கானானில் அவர்கள் குடிபுகவிருந்த வீடுகளோ பிறர் கட்டியவை. இதனை இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரம் தெளிவாகவே கூறுகிறது. ஆகவே, முன்பின் அறியாத ஒருவர் கட்டிய பழைய வீட்டுக்குள் மனைவி மக்களோடு நுழையப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்ட ஒழுங்கு என்று இதனைக் கொள்ளலாம்.

அன்புக்குரிய வாசகர்களே, நமது நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அத்தகைய பழைய வீடுகளுக்குக் குறைவில்லை. 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் இங்கு குடியேறிய காலந்தொட்டு, ஆங்கிலேயர் தம் தாயகத்து வீடுகளை நினைவூட்டும் கட்டடங்களை இம்மலைகளில் எழுப்பினர். 1878இல் டிக்கோயாவில் கட்டப்பட்ட வோர்லி தேவாலயத்தின் கற்சுவர்களையும், 1894இல் எழுந்த நுவரெலியா தபாலகத்தின் செங்கற் சுவர்களையும் காணும் எவரும், அக்காலத்து வேலைப்பாடு உறுதியானது என்றே எண்ணுவர். கூர்ந்த கூரை, கணப்படுப்பு, புகைபோக்கி, ஒன்றரை அடி கனத்தில் கருங்கற் சுவர் எனக் காணும் ஒரு சிறு பங்களா விலைக்கு வருகிறது என்றால், கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைத்துச் சேமித்த பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்துக்கு ஆசை எழுவது இயல்பே. பாட்டனார் கொழுந்துக்கூடையோடு கடந்துசென்ற வாசலுக்கு உரிமையாளராக நுழைவதில் உள்ள பெருமையைக் குறைகூற முடியாது. அந்தப் பெருமையே சில வேளைகளில் கண்ணை மறைத்தும் விடுகிறது.

வீடு வாங்கும்போது நாம் யாரையெல்லாம் நாடுகிறோம்? நொத்தாரிசு உறுதியைப் பார்க்கிறார். காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டு உரித்தைத் தேடுகிறார். பங்களா பழைய தோட்டக் காணியில் நிற்கிறதென்றால், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின் அது தனியாருக்குச் சொந்தமாக இருக்க முடியுமா என்பதும் அவர் சொல்ல வேண்டியதே. நில அளவையாளர் எல்லைக் கற்களைப் பார்க்கிறார். வங்கிக் கடன் பெறுவதானால் மதிப்பீட்டாளர் வந்து பெறுமதியைப் பார்க்கிறார். நம் ஊரில் "சர்வே செய்தாயிற்று" என்றால் காணி அளந்தாயிற்று என்பதே பொருள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வீட்டாரும் நிம்மதி அடைந்துவிடுகின்றனர். ஆனால், இத்தனை பேர் வந்துபோன பின்னரும் சுவரைத் தட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லை. கூரைக்குள் ஏறியவர் ஒருவருமில்லை. காணி எத்தனை பேர்ச்சஸ் என்பது காகிதத்தில் இருக்கிறது. வீடு இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

அதனை எழுதித் தரக்கூடியவர் கட்டடப் பொறியியலாளர் ஒருவரே. 1906ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தில் பதிவுபெற்ற பட்டயப் பொறியியலாளராக இருத்தல் நலம். "எங்கள் மேசன் பாஸ் பார்த்துவிட்டார், நல்ல வீடாம்" என்பது போதாது. அனுபவமுள்ள மேசனின் கண்ணை நான் சிறிதும் தாழ்வாக எண்ணவில்லை. ஆயினும் திருத்த வேலை தமக்கே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர் சொல்வதும், அவ்வெதிர்பார்ப்பு இல்லாதவர் எழுதிக் கையொப்பமிடுவதும் ஒன்றல்ல. வீட்டைக் காட்டும் தரகரே பொறியியலாளரையும் அழைத்து வருவதாகச் சொன்னால், நன்றி கூறி வேறொருவரை நாடுவதே நன்று.

இனி, அவர் எதைப் பார்ப்பார் என்பதை வாங்குபவரும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும். நம் மலைகளின் கருங்கல் எளிதில் கெடுவதில்லை. கல்லையும் கல்லையும் பிணைக்கும் சாந்துதான் கெடுகிறது. பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தினாலோ, அதைவிட எளிய களிமண் சாந்தினாலோ கட்டப்பட்டவை. அத்தகைய சுவர் மழையில் நீரை உறிஞ்சும்; வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். பின்வந்தவர்கள் அழகுக்காகவும் உறுதிக்காகவும் அதன்மேல் சீமெந்து பூசினர். உறுதிக்கென்று செய்தது அங்கேதான் தீமையாயிற்று. சீமெந்துப் பூச்சின் நுண்ணிய வெடிப்புகளால் உள்ளே நுழையும் நீர் மீண்டும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் மழை பெய்யும் நுவரெலியாவில், அந்த ஈரம் உள்ளிருக்கும் சாந்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் மரத்துலாக்களின் முனைகள் உளுத்துப்போகின்றன. வெளியே பார்ப்பவருக்கோ வெள்ளையடித்த அழகிய சுவரே தெரியும். விரல் மடக்கித் தட்டினால் ஓரிடத்தில் கல்லின் ஒலியும் ஓரிடத்தில் வெறும்பானையின் ஒலியும் கேட்கும். கனத்த கற்சுவர் பல வேளைகளில் உள்ளும் புறமுமாக இரண்டு படைகளாக எழுப்பப்பட்டு, நடுவில் சிறுகற்களால் நிரப்பப்பட்டிருக்கும். இரண்டையும் இணைக்கும் நீள்கற்கள் போதாவிட்டால், வெளிப்படை மெல்ல வயிறு தள்ளத் தொடங்கும். மூலையிலிருந்து சுவரோரமாகப் பார்வையை ஓட்டினாலே அது புலப்படும்.

வெடிப்பைக் கண்டவுடன் அஞ்சி ஓடவும் வேண்டாம். நூறாண்டு கண்ட எந்த வீட்டிலும் வெடிப்பு இருக்கும். அது பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. இதற்காகப் பொறியியலாளர் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தினால் ஒட்டித் திகதியை எழுதி வைப்பதுண்டு. அவர் மீண்டும் வரும்போது கண்ணாடி முழுதாக இருந்தால், அவ்விடைக்காலத்தில் சுவர் அசையவில்லை. உடைந்திருந்தால் ஏதோ நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏழு நாள் பூட்டிவைத்துத் திரும்பி வந்த அந்தக் குருவின் பொறுமையை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. இன்று ஏழு நாள் போதாது. ஒரு மழைக்காலமாவது கடந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். விற்பவர் அவசரப்படுத்தினாலும், மழை விடாது பெய்யும் ஒரு நாளிலேனும் வீட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில், பூக்கள் நிறைந்த வெயில் நாளில் பார்த்த வீட்டுக்கும் யூன் மாதத்து வீட்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஓர் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் புதுவர்ணம் பூசப்பட்டிருந்தால், ஏன் என்று கேட்பதில் நாகரிகக் குறைவு ஏதுமில்லை.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது பரிசோதனை ஆகாது. புனித பிரான்சிஸ் அசிசியாரின் பேராலயத்தில் 1997 செப்டெம்பர் 26ஆம் திகதி நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதிகாலையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் சேதத்தைப் பார்வையிட அதிகாரிகளும் துறவிகளும் உள்ளே சென்றிருந்தபோது, முற்பகலில் மீண்டும் நிலம் அதிர்ந்து வளைகூரையின் பகுதிகள் வீழ்ந்தன. துறவிகள் இருவரும் தொழில்நுட்பப் பணியாளர் இருவரும் உயிரிழந்தனர். பின்னர் ஆராய்ந்தபோது, வளைகூரையின் மேற்புறத்தில், எவர் கண்ணிலும் படாத இடத்தில், காலங்காலமாகத் தங்கிய இடிபாடுகளின் பாரம் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணமாயிருந்தது தெரியவந்தது. கீழிருந்து ஓவியங்களை வியந்தவர்களுக்கு அந்தச் சுமை தெரியவேயில்லை. நமது பங்களாக்களில் சுமை அத்தனை பெரிதல்ல. ஆயினும் மேல்தட்டுப் பலகைக்கு மேலே கறையான் தின்ற துலாவும், பாவனையற்ற புகைபோக்கியின் தளர்ந்த கற்களும், துருப்பிடித்த தகரமும் அவ்வாறே மறைந்திருக்கின்றன. கூரை பழைய அஸ்பெஸ்டஸ் தகடாயின், அதைத் துளையிடுவதும் உடைப்பதும் நுரையீரலுக்குக் கேடான தூளை எழுப்பும் என்பதால், அகற்றும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இவ்வளவும் வீட்டைப் பற்றியது. நமது மலைநாட்டிலோ வீட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது வீடு நிற்கும் மண். பாறைமேல் கட்டியவரின் உவமையை மத்தேயுவும் லூக்காவும் எழுதியுள்ளனர். ஆழமாகத் தோண்டி அடித்தளமிட்டதைச் சொல்பவர் லூக்கா மட்டுமே. பாறை எங்கே என்பது தோண்டினால்தான் தெரியும்! சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணையே மறுபக்கம் கொட்டிச் சமப்படுத்திய தட்டில்தான் இங்குள்ள பல வீடுகள் நிற்கின்றன. வீட்டின் பாதி வெட்டிய கெட்டி நிலத்திலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்குமானால், வெளிப்பாதி மெல்லத் தாழும். யன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்தாங்கு சுவரில் நீர் கசிந்து வெளியேறும் துளைகள் அடைபட்டிருந்தால், மழைக்காலத்தில் மண்ணின் பாரத்தோடு நீரின் பாரமும் அச்சுவர்மேல் சாயும். சாய்ந்த மரங்கள், சரிந்த வேலித்தூண்கள், திடீரெனக் கலங்கிய ஊற்று, மூட முடியாமல் இறுகும் கதவு ஆகியவை மண் நகர்வதற்கான அடையாளங்களாகலாம்.

இவ்விடயத்தில் நாட வேண்டிய இடம், 1984இல் அமைக்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலேயே 1990இல் அதன் மண்சரிவு அபாய வரைபடப் பணி தொடங்கியது. அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவோர் அந்நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றே உள்ளூராட்சி சபையின் அனுமதியைப் பெற வேண்டும். பழைய வீட்டை வாங்குபவரிடம் இதனை எவரும் கேட்பதில்லை. உறுதி கைமாறுகிறது, அவ்வளவே. சட்டம் கேட்காததைக் குடும்பத் தலைவர் தாமே கேட்க வேண்டியுள்ளது.

கேட்டுப் பெற்ற அறிக்கை பெட்டிக்குள் உறங்குமானால் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தை தோட்டத்து லயங்களை மலை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. நிலத்தைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள்; எழுதியவர்கள் எழுதினார்கள். ஆனால், அம்மக்களுக்குப் போக்கிடம் இருக்கவில்லை. விலைக்கு வாங்கும் நாம் "வேண்டாம்" என்று சொல்லித் திரும்பிவிடலாம். அந்த உரிமை லயத்தில் பிறந்தவருக்கு ஒருபோதும் தரப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை நாடெங்கும் பறித்தபோதும், மலையகத்தின் சரிவுகளே பெரும் விலை கொடுத்தன. பங்களாவுக்கு அழைத்த பொறியியலாளரை, அருகிலுள்ள லயத்துக் கூரையையும் சுவரையும் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்பதற்கு அதிகப்படியாக ஆகக்கூடியது ஒரு மணி நேரம். பங்குச் சபைகள் இதனைக் கூட்டாகவே செய்யலாம்.

செலவைப் பற்றித் தயங்குவோர் உளர். உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வையாக முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதமும் எஞ்சியதற்கு 4 சதவீதமும் முணுமுணுப்பின்றிச் செலுத்துகிறோம். பொறியியலாளரின் கட்டணம் பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்கே. அறிக்கை பாதகமாக வந்தால் வீட்டைக் கைவிட வேண்டும் என்பதுமில்லை. இன்ன சுவரின் பூச்சை அகற்றிச் சுண்ணாம்பிட இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, அத்தொகையை விலையில் குறைக்கும்படி கேட்கலாம். நியாயமான விற்பனையாளர் மறுப்பதில்லை. மண் நகர்கிறதென்று எழுதப்பட்டிருந்தால் மட்டும் விலை பேச இடமில்லை.

வரிசை இதுவாக இருக்கட்டும்: வாய்ச்சொல்லில் விலையை ஒப்புக்கொண்ட பின், முற்பணம் கொடுக்குமுன், பரிசோதனை. முற்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அறிக்கை திருப்தியளிக்காவிடில் அது முழுமையாகத் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் நொத்தாரிசு மூலம் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கை வரும் நாளில் வீட்டிலுள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்தி, அதனைத் தமிழில் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அந்தக் கூரையின் கீழ் உறங்கப் போகிறவர்கள் அவர்களே.